நான் கொடுக்காத மன்னிப்பு

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் வெகு காலம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், பூன் லேயில் ரயிலேறி, நடுவில் ஒரு முறை மாறி, தேக்கா பக்கத்திலிருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவோடு மூன்றாவது வரிசையில் உட்காருவேன். பாட்டு வந்தால் பாடுவேன், ஜெபம் என்றால் தலையைக் குனிவேன். பக்தியா? மண்ணாங்கட்டி. ஒரு மனிதரைப் பழிவாங்கத்தான் போனேன். அதை இன்றைக்கும் நான் மறைக்க மாட்டேன்.

அந்த மனிதர் எங்கள் சபையை நிர்வகிக்கும் மூப்பர். போதகர்கள் சில வருடங்களுக்கு ஒரு முறை மாறிப்போவார்கள், மூப்பர் மாறவே மாட்டார். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என் அப்பாவின் பக்கத்தில் நின்றவர் அவர்தான், அப்பா செத்தபோது பெட்டியைத் தூக்கியவரும் அவர்தான். நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அதனால்தான் அவர் செய்தது எனக்கு அப்படி எரிந்தது. வேறு எவனாவது செய்திருந்தால் போடா என்று துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

நான் காதலித்தவர் இந்து. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. பதிவுத் திருமணம் முடிந்த பிறகு, என் மாமியாரின் ஆசைக்காகக் கோயிலில் தாலியும் கட்டிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் மூப்பர் வழக்கம்போல அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் கூட்டம் இனி மாலையில் நடக்கும், பாடகர் குழுவுக்கு ஆட்கள் தேவை. அப்புறம் அதே குரலில், சபைச் சகோதரி ஒருவர் விக்கிரகத்தின் முன் திருமணம் செய்துகொண்டதால் ஒழுங்கு நடவடிக்கையின் கீழ் வைக்கப்படுகிறார், சபை முன் நின்று மன்னிப்புக் கேட்கும்வரை அவர் திருவிருந்தில் சேர முடியாது என்றார். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் முன்னால் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்களே, அது எனக்கு இல்லை. அவர் பெயர் சொல்லவில்லை. சொல்வானேன்? அத்தனை கழுத்தும் என் பக்கம் திரும்பிவிட்டதே!

வெளியே வந்ததும் அவரே என்னைத் தேடி வந்தார்.

"ரெண்டு நிமிஷம் முன்னால வந்து நின்னு சாரி சொல்லிடு மா. முடிஞ்சிரும்."

"எதுக்கு அங்கிள் சாரி? கல்யாணம் பண்ணதுக்கா?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

உன் நல்லதுக்கு என்று சொல்கிறவர்களைக் கண்டாலே அன்றிலிருந்து எனக்கு ஆகாது. நான் சாரி சொல்லவில்லை. முதல் ஞாயிறு வந்தால் என் வரிசையிலிருந்து எல்லோரும் எழுந்து போவார்கள். வழிவிட நான் காலை ஒதுக்கிக்கொள்வேன். அம்மா என் முழங்காலைத் தாண்டிப் போவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். என்னோடு சேர்ந்து அந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லாமல் போனது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு முறை ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து வைப்போம். பலாப்பழம், கேக், முறுக்கு, கோழிக் குழம்பு, தொட்டிச் செடி, எது வேண்டுமானாலும் வரும். ஆராதனை முடிந்ததும் கூடத்தில் ஏலம் நடக்கும். ஏலம் விடுகிறவர் மூப்பர். கேலியும் கிண்டலுமாக அவர் ஏற்றிவிடுகிற விதத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு இரண்டு குடும்பம் அடித்துக்கொள்ளும். என் பைனாப்பிள் டார்ட்டுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வருடம்வரை பெரிய கிராக்கி. கல்யாணம் ஆன வருடமும் ராத்திரியெல்லாம் கண் விழித்துச் செய்து டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோனேன்.

மூப்பர் டப்பாவைத் தூக்கினார். யாருடையது என்று பார்த்தார். அன்றைக்கு அவரிடம் கேலியும் இல்லை, கிண்டலும் இல்லை. "பைனாப்பிள் டார்ட்" என்றார், அவ்வளவுதான். கூடத்தில் ஒருத்தரும் கை தூக்கவில்லை. ஒரு தரம் என்றார். முந்தின வருடம் இதற்காகச் சண்டை போட்ட இரண்டு ஆன்ட்டிகளும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு தரம் என்றார். அப்போது என் பக்கத்திலிருந்து அம்மாவின் கை மேலே போனது. பெற்ற மகள் செய்த பலகாரத்தை அம்மாவே ஏலத்தில் எடுத்தாள்.

அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் அம்மா ரயிலில் பூன் லே வரைக்கும் வந்தாள். வீட்டில் என் கணவர் ஒன்றும் புரியாமல், "ஏன், யாரும் வாங்கலையா?" என்று கேட்டுவிட்டு டீயோடு நான்கைந்து டார்ட்டைத் தின்றார். அவர் ஒரு அப்பாவி. வேறு சபைக்குப் போயேன், ஆங்கில ஆராதனைக்குப் போயேன் என்று பிறகு யோசனை சொன்னார். எதற்குப் போக வேண்டும்? நான் போய்விட்டால் அவர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நான் கொடுப்பேனா? கண்ணில் விழுந்த தூசி மாதிரி அங்கேயே உறுத்திக்கொண்டு கிடப்பேன் என்று முடிவு செய்தேன். அடுத்த வருடம் இரண்டு டப்பா கொண்டுபோனேன். அதற்கடுத்த வருடம் ஒரு அண்டா பிரியாணி. அத்தனையையும் அம்மாதான் எடுத்தாள், நாங்கள்தான் தின்றோம்.

இதற்கு நடுவில்தான் நம்பிக்கை போனது. கோபத்தில் போகவில்லை, அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கோபமாக இருந்த வருடங்களில் நான் முன்னைவிட அதிகமாக ஜெபம் செய்தேன், அதுவும் மூப்பருக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்று. ஒரு நாள் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் எடுக்க மருத்துவமனையில் காத்திருந்தேன். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினால் பேச எதிரே ஆள் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் நின்ற பிறகுதானே அது இத்தனை நேரம் ஓடியது தெரியும், அந்த மாதிரி. பயமோ அழுகையோ வரவில்லை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் நன்றி டாக்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடவுள் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. மூப்பர் அங்கே இருந்தாரே.

வருடங்கள் ஓடின. அந்த அறிவிப்பை வாசிக்கச் சொன்ன போதகர் ஊரோடு போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கு என் விஷயமே தெரியாது. ஏலத்தில் என் டப்பாவுக்குப் புது ஆட்கள் கை தூக்க ஆரம்பித்தார்கள். ஒரு முதல் ஞாயிறு நான் பேசாமல் எழுந்து வரிசையில் போய் நின்றிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஊஹூம். ஊர் கேட்க வெளியே தள்ளியவர் ஊர் கேட்க உள்ளே கூப்பிடட்டும். அப்பத்தில் எனக்கு எதுவும் இல்லை, அவர் வாயிலிருந்து வருவதில்தான் எல்லாம் இருந்தது.

வந்தது. மூப்பருக்கு இதயத்தில் பைபாஸ் நடந்தது. மூன்று மாதம் வீட்டில் கிடந்து திரும்பி வந்தவர் பாதி உடம்பாக இருந்தார். ஆராதனை முடிந்து நான் டீ பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு மா. படுத்துக் கிடந்தப்ப எல்லாம் உன் முகந்தான் வந்துச்சு. என்னை மன்னிச்சிரு."

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! கால் தரையில் படவில்லை எனக்கு. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"என்ன அங்கிள்? கேக்கல."

அவர் இன்னொரு முறை சொன்னார். "சபையில சொன்னீங்க, சபையில சொல்லுங்க" என்று டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

மனிதர் சொன்னார். அடுத்த வாரம் ஆராதனையில் அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, இந்தச் சகோதரிக்கு நான் அநியாயம் செய்தேன், அவள் அம்மாவை அழ வைத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். குரல் மட்டும் பழைய குரல் இல்லை, இரண்டாவது வரிசைகூட எட்டியிருக்காது. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும், எல்லோரும் அல்லேலூயா சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டு எது என்று பார்த்தேன். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கீழே போனது.

அப்படியே விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர்தான் எனக்கு ஆயுதம் கொடுத்தார். அடுத்து வந்த முதல் ஞாயிறு திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது மூப்பர் எழுந்திருக்கவில்லை. ஒருவரோடு மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அந்த மேசைக்கு வர வேண்டும், இது எங்கள் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். நீங்கள் உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள், வாருங்கள் என்று போதகர் கெஞ்சினாராம். "அந்தப் பிள்ளை வாயால மன்னிச்சேன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

எல்லோரும் முன்னால் போய்விட்ட பிறகு காலி பெஞ்சுகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அவர் தலை குனிந்திருந்தது. நான் குனியவில்லை, நன்றாகப் பார்த்தேன். இனித்தது, ஐயா, பொய் சொல்வானேன், அப்படி இனித்தது. எனக்கு வெறும் ரொட்டித் துண்டு, அவருக்கு அது உயிர். என் கையில் இருந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த உயிரை நான் மாதா மாதம் நிறுத்தி வைத்தேன். சபையை விட்டு நான் போகாததற்கு இப்போது புதுக் காரணமும் கிடைத்தது. வெளியே போனவளின் மன்னிப்பு யாருக்கு வேண்டும்? உள்ளே இருக்கிறவரைக்கும்தான் அதற்கு மதிப்பு.

சபைப் பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளம் போதகர் எங்கள் வீட்டுக்கே வந்து, "சிஸ்டர், உங்களுடைய கசப்பை ஆண்டவரிடத்தில் ஒப்புக்கொடுங்கள்" என்றார். முறுக்கும் டீயும் கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் என் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல. கடவுள் இல்லங்கற. ஆனா ஒரு சண்டே கூட விட மாட்டேங்கற. அந்த சர்ச்சுலயே நீதான் பெரிய பக்தை லா."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து தேக்கா சந்தைக்குப் போனோம். அம்மா மீன் வாங்கப் போனாள். ஈரத் தரையில் நடக்க எனக்குப் பிடிக்காது, சாப்பாட்டுக் கடைகள் பக்கம் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன். மூப்பர் ஒரு கையில் டீயும் மறு கையில் ஊன்றுகோலுமாக வந்தார்.

"உக்காரலாமா மா?"

"பொது எடம் தானே அங்கிள்."

உட்கார்ந்தார். டீ பாதி தட்டில் சிந்தியிருந்தது.

"டாக்டர் இனிமே ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாரு. நீ என்ன செய்யச் சொன்னாலும் செய்றேன். அந்த அப்பத்த எடுக்காமலே போயிருவேனோன்னு பயமா இருக்கு மா. ஒரு வார்த்த சொல்லிரு."

மன்னிச்சேன் அங்கிள். இரண்டே சொல். எனக்கு நம்பிக்கை இல்லாததால் அதற்கு ஒரு செலவும் இல்லை, வாயை அசைத்தால் போதும். ஆனால் என் கண்ணில் அப்போது தெரிந்தது அவர் முகம் இல்லை. காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டிகளும், மேலே போன அம்மாவின் கையும்தான்.

"நான் மன்னிச்சா செல்லாது அங்கிள். எனக்கு நம்பிக்கையே இல்ல. கடவுள் இருக்காருன்னே நான் நம்பல."

அவர் மேசைமேல் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எப்போலேருந்து?"

"நீங்க அந்த அறிவிப்பு வாசிச்ச அன்னையிலேருந்து."

பொய். சுத்தப் பொய். மருத்துவமனை நாற்காலியில் தானாகப் போன நம்பிக்கையைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவர் கணக்கில் ஒரு ஆத்துமாவை நம்பிக்கையிலிருந்து விழ வைப்பதைவிடப் பெரிய பாவம் கிடையாது, அது தெரிந்துதான் சொன்னேன். அவர் உதடு கோணிக்கொண்டது.

"அப்ப ஏன் மா வாரா வாரம் வந்த?"

"நீங்க எந்திரிக்காம உக்காந்திருக்கறதப் பாக்கத்தான்."

அம்மா மீன் பையோடு வந்தபோது அவர் போயிருந்தார். டீ அப்படியே இருந்தது. இதைவிடப் பெரிதாக இனி நான் செய்ய ஒன்றும் இல்லை என்று பட்டது. அடுத்த ஞாயிறிலிருந்து சபைக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா தனியாகப் போனாள். நான் பத்து மணி வரை தூங்கினேன். கணவரோடு பரோட்டா சாப்பிடப் போனேன். இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததே எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஆனால் முதல் ஞாயிறு வந்தால் மட்டும் எனக்குத் தூக்கம் வராது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன்.

"எந்திரிச்சாரா?"

"இல்ல. வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். இப்படியே சில மாதங்கள் போயின. பிறகு ஒரு முறை நான் கேட்டதும் அம்மா நேரே சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போய் மறுபடி கேட்டேன்.

"இனிமே எங்கிட்ட கேக்காத. தெரிஞ்சுக்கணும்னா நீயே வந்து பாத்துக்க" என்றாள்.

எழுந்துவிட்டாரா என்ன? நான் சொன்னதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய் அப்பம் வாங்கிவிட்டாரா? அந்த மாதம் முழுக்க அதே நினைப்பு. தொழிற்சாலையில் தரம் பார்க்கிற என் வேலையில், ஒரு தட்டு நிறைய பழுதான பொட்டலங்களைச் சரி என்று அனுப்பி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த முதல் ஞாயிறு அம்மா கிளம்பிப் போன பிறகு, அடுத்த ரயிலைப் பிடித்துப் போனேன்.

நான் நுழையும்போது திருவிருந்து தொடங்கியிருந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஆட்கள் வரிசையாக முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மூப்பர் தன் இடத்திலேயே இருந்தார். எழுந்திருக்கவில்லை! என் வயிறு குளிர்ந்தது. போதும், கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அப்போதுதான் அவர் வாசலைப் பார்க்கத் திரும்பினார்.

என்னைப் பார்த்தார். முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அந்த முகத்தில் வந்ததை நான் என் ஆயுளில் மறக்க மாட்டேன். காணாமல் போன பிள்ளை வீடு திரும்பிவிட்டதாம்! அவர் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டதாம்! நான் திரும்பி வந்ததே மன்னிப்பாம்! இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தேடி, மெதுவாக எழுந்தார். சபை அப்படியே நின்று பார்த்தது. போதகர் தட்டோடு இரண்டு எட்டு இறங்கி வந்தார். மூன்றாவது வரிசையில் அம்மா திரும்பவே இல்லை, அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் நடந்து போய், கையை நீட்டி, அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

நான் அதுக்கு வரல அங்கிள், நீங்க எந்திரிக்கலன்னு பாக்கத்தான் வந்தேன் என்று கத்தியிருப்பேன். எழுந்து நின்று வாயையும் திறந்துவிட்டேன். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலிருந்த அக்கா, நான் பாடத்தான் எழுந்தேன் என்று நினைத்து, ஒரு கையால் என் தோளை அணைத்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள்.